கடல் சூடேறுகிறது: கடன் வாங்கி மிதவையைக் கூட்டலாமா?

கடிதத்தின் சுருக்கம்:

இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணைக் கரையிலுள்ள ஓர் ஊரிலிருந்து 44 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். மகளிர் குழுவாக ஐந்து பேர் சேர்ந்து மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வளர்க்கிறார்கள். இவர் பங்குக்கு 45 மிதவைகள். குழுவின் பெயரில் வங்கிக் கடனும் இருக்கிறது. கடந்த ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பாசி வெளுக்கத் தொடங்கி, மே மாதம் முதல் வாரத்துக்குள் பெரும்பகுதி முறிந்து கடலோடு போய்விட்டது. அந்தத் தடவை விதைப்பாசி வாங்கி வந்தவர் இவர்தான் என்பதால், மற்ற நால்வரும் பழியை இவர்மீது போடுகிறார்கள். கணவர் நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிறார். அங்கும் வரும்படி குறைந்துவிட்டது.

அவர் கேட்டிருப்பவை இவை. பாசி அழிந்தது என் தவறா? அனல்மின் நிலையத்தின் வெந்நீரால் கடல் சுடுகிறது என்கிறார்களே, வழக்குப் போட முடியுமா? தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளை ஒட்டித் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், மிதவைகளை அங்கே கொண்டுபோகலாம் என்று தம்பி சொல்கிறார், செய்யலாமா? வெப்ப அலையை அரசு பேரிடராக அறிவித்துவிட்டதால் இழப்பீடு கிடைக்கும் என்பது உண்மையா? விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைத்து மிதவைகளை இரட்டிப்பாக்கினால், விதையைக் கடனாகத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா? பிளஸ் டூ முடித்த மகனைக் கடல் தொழிலுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, பாசி அழிந்த விதத்தை நீங்கள் விவரித்திருக்கும் நுட்பம். கிளையின் நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளுப்பு தோன்றியது என்றும், இரண்டு மூன்று நாளில் அது கிளையைச் சுற்றி வளையமாகப் படர்ந்தது என்றும், தொட்டவுடன் அந்த இடத்தில் முறிந்தது என்றும், முறிந்து விழுந்த துண்டின் நுனி அப்போதும் பழுப்பு நிறம் மாறாமல் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அறிகுறியை இத்துறையில் 'ஐஸ்-ஐஸ்' நோய் என்பார்கள். பெயரில் பனி இருந்தாலும் அதைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் சூடுதான். நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போதோ, மழைநீர் கலந்து உப்புத்தன்மை சட்டென்று குறையும்போதோ பாசி நலிவடைகிறது. நலிந்த பாசியில், கடலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் புகுந்து திசுவைக் கரைக்கின்றன. விதைப்பாசி வழியிலேயே காய்ந்தோ நன்னீர் பட்டோ கெட்டிருந்தால், கட்டிய முதல் வாரத்திலேயே முழுக் கொத்தும் குழைந்து நாறத் தொடங்கியிருக்கும். உங்கள் பாசியோ மூன்று வாரத்துக்கு மேல் நன்றாக வளர்ந்த பிறகு, வேறு இடத்தில் விதை வாங்கிய பக்கத்து ஊர்க்காரர்களின் மிதவைகளோடு சேர்ந்து, அதே வாரத்தில் வெளுத்திருக்கிறது. இந்த ஒரு செய்தியே போதும்: தவறு உங்கள் கையில் இல்லை. குழுவினரிடம் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இப்படி நடப்பது இக்கரைக்குப் புதிதுமில்லை. 2012-13 வாக்கில் ஏறத்தாழ 1,500 டன் உலர்பாசி விளைந்த இதே கடலில், 2013-க்குப் பிறகு பாசி பெருமளவில் மடிந்து உற்பத்தி சரிந்தது. நீர் திடீரென்று சூடானதே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளையே ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டி நட்டதால் விதையின் வீரியம் குறைந்துபோனதும் இன்னொரு காரணம். அப்போது தொழிலை விட்டுப்போன பெண்கள் பலர் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால், நீங்கள் எழுதியிருப்பதைத்தான் அவர்களும் சொல்வார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

அனல்மின் நிலையத்தைப் பற்றிய சந்தேகம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இருக்கிறது. அதில் முற்றிலும் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். குளிர்விக்கப் பயன்படுத்திய நீரை அனல்மின் நிலையங்கள் கடலில் விடுகின்றன. கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையங்கள் வெளியேற்றும் நீரின் வெப்பம், அது சென்று கலக்கும் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்று விதி உண்டு. விதி மீறப்பட்டால் வாய்க்கால் முகத்தை ஒட்டிய மீன்குஞ்சும் சிப்பியும் சாகும், அங்குள்ளவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடலாம். ஆனால் அந்த வெந்நீர் கடலில் கலந்து சிறிது தூரத்திலேயே ஆறிவிடும். பல ஊர்களின் மிதவைகளை ஒரே வாரத்தில் வெளுக்கச் செய்யும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே அந்த வழக்கு உங்கள் இழப்புக்குப் பரிகாரம் தராது; பணமும் காலமும்தான் விரயமாகும்.

உங்கள் கடலைச் சுட வைப்பது அதைவிடப் பெரிய அடுப்பு. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து வெளியேறும் வாயுக்களால் பூமியில் தங்கிவிடும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதைக் கடல்தான் உள்வாங்கிக்கொள்கிறது. அதிலும் நமது இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி, மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரிதான். ஒரு டிகிரி என்றால் நமக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். கப்பாபைகஸ் செழிப்பது 25 முதல் 30 டிகிரி வரையில். உங்கள் பக்கத்துக் கடல் கோடையில் முன்பே 30 டிகிரியைத் தொட்டு நின்ற கடல். விளிம்பில் நிற்பவனைத் தள்ள ஒரு விரல் போதாதா?

இந்தச் சராசரி உயர்வோடு 'கடல் வெப்ப அலை' என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஓர் இடத்தில் அந்தப் பருவத்துக்குரிய வழக்கமான வெப்பத்தை வெகுவாகத் தாண்டி, ஐந்து நாளோ அதற்கு மேலோ கடல் சூடாகவே நின்றால் அதை அப்படி அழைக்கிறார்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, 1982 முதல் 2018 வரையிலான காலத்தில் மேற்கு இந்தியப் பெருங்கடலில் 66 தடவையும் வங்கக் கடலில் 94 தடவையும் இத்தகைய அலைகள் எழுந்ததாகக் கணக்கிட்டது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இது கடுமையாகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளை உங்கள் கணவரிடம் நினைவுபடுத்திக் கேளுங்கள், ஏதாவது சொல்வார். ஆனால், 'எல் நினோ போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்' என்று சிலர் சொல்வதை நம்பி முதலீடு செய்ய வேண்டாம். எல் நினோ வந்து போகும், அடியில் ஏறிக்கொண்டிருக்கும் வெப்பம் இறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. தெற்கே மணல் திட்டுகளும் பாம்பனும் அடைத்துக்கொண்டிருப்பதால் பெருங்கடல் நீரோடு தாராளமாகக் கலப்பதும் இல்லை. உங்கள் ஊரில் அதைப் 'பெண் கடல்' என்று சொல்வதற்குக் காரணமான அந்த அமைதியே, காற்று விழுந்த சித்திரை நாட்களில் அதற்குப் பாதகமாகிறது. தாம்பாளத்தில் ஊற்றிய நீர் குடத்து நீருக்கு முன்பே சுடுவதுபோல, அலையும் ஆழமும் இல்லாத அந்த நீர் சீக்கிரம் சூடாகிறது.

தென்கடலுக்கு மாற்றுவது குறித்து

தம்பி சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். மன்னார் வளைகுடா ஆழமானது, அலையடிப்பது; சில இடங்களில் பாக் நீரிணையைவிட ஒரு படி குளிர்ச்சியாக இருக்கக்கூடும். அதை வைத்துக்கொண்டு மிதவைகளைத் தீவுகளை ஒட்டிக் கட்டலாம் என்ற முடிவுக்கு வருவது, சட்டப்படியும் தவறு, கடலுக்கும் கேடு.

முதலில் சட்டம். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி நுழைவதே குற்றம், பாசி வளர்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பவளப்பாறைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கப்பாபைகஸ் அயல்நாட்டுப் பாசி என்பதால், அதை எங்கே வளர்க்கலாம் என்பதைத் தமிழக அரசு 2005-இலேயே ஆணையிட்டு வரையறுத்தது. பூங்காவை ஒட்டிய கடல் அந்த வரையறைக்கு வெளியே. வனத்துறை பிடித்தால் மிதவைகளோடு நிற்காது. படகும் பறிமுதலாகும், வழக்கும் உங்கள் பெயரில்தான் பதிவாகும், யோசனை சொன்ன தம்பியின் பெயரில் பதிவாகாது. குழுவின் வங்கிக் கணக்கும் மானியத் தகுதியும் அதோடு சிக்கலாகும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது காரணம். மிதவையிலிருந்து முறிந்து விழும் துண்டுகளுக்கு விதையோ வேரோ தேவையில்லை. ஒரு விரல் நீளத் துண்டு பாறை இடுக்கில் சிக்கினால் போதும், அங்கேயே வளர்ந்து படர்ந்துவிடும். குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறைமேல் போர்வைபோல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளம் என்பது கல் அன்று, சிறு உயிரிகளின் கூட்டம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் சமைத்துத் தரும் உணவில்தான் அது வாழ்கிறது. நீர் சூடானால் பவளம் அந்த நுண்பாசியை வெளியேற்றிவிடும், உடனே வெளுத்துப்போகும். சில வாரத்தில் சூடு தணிந்தால் தேறும், தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி, 2015-இல் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அந்த ஒரே வெளுப்புக்குப் பின் ஏறத்தாழ 23 விழுக்காடாகச் சுருங்கியது. 2020 மே மாதக் கடல் வெப்ப அலையின்போது, ஆய்வு செய்த பவளங்களில் 85 விழுக்காடு வெளுத்திருந்தன. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு தொடங்கிவிட்டதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் உறுதி செய்தது.

உங்கள் பாசி எந்த வாரத்தில் வெளுக்கிறதோ, ஏறத்தாழ அதே வாரத்தில்தான் அந்தப் பக்கத்தில் பவளமும் வெளுக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் பாறையின்மேல் முறிந்து விழும் பாசித் துண்டுகளையும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நகரை, ஊடகம், ஓரா ஆகிய மீன்கள் குஞ்சுகளாக ஒளிந்து வளர்வது அந்தப் பாறை இடுக்குகளில்தான். தீவுகளுக்கும் கரைக்கும் அலையை முறிக்கும் சுவராக நிற்பதும் அவைதான். அவற்றுக்கு நேரும் கேடு வேறு யாருடைய வலையிலும் விழுவதற்கு முன் உங்கள் ஊர் வலையில்தான் விழும்.

தம்பியிடம் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பாக் நீரிணையிலேயே, ஒரு பாகம் இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் கூடிய, நீரோட்டம் உள்ள இடமாகப் பார்த்து மாற்றுவதுதான் நீங்கள் யோசிக்க வேண்டிய இடமாற்றம். அதற்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுக்கொண்டு, அந்த இடத்தில் வலை விடுபவர்களோடு ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்த பிறகே மூங்கிலை இறக்குங்கள். கடல்புல் அடர்ந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இழப்பீடும் காப்பீடும்

நான் மீன்வள ஆலோசகன், வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னால் தெளிவாகவே பதில் சொல்ல முடியும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது உண்மை. அந்த அறிவிப்பு தரையில் வெயில் கொடுமையால் உயிரிழப்பவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தருவதைப் பற்றியது. கடல்நீர் சூடாகிப் பாசியோ மீனோ அழிவது அதில் வராது. மத்திய அரசின் பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலிலும் புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, வறட்சி போன்றவை இருக்கின்றனவே தவிர, கடல் வெப்ப அலை என்ற பெயரே இல்லை. புயலில் படகும் வலையும் போனால் நிவாரணம் உண்டு. அதே கடல் ஓசையில்லாமல் சுட்டு உங்கள் பயிரை அழித்தால் அதற்குக் கணக்கே இல்லை. இது பெரிய ஓட்டை என்பதே என் கருத்து. மீனவர் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் நாளை வரக்கூடிய மாற்றத்தை நம்பி இன்றைக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள். 'இழப்பீட்டு மனு எழுதித் தருகிறேன், ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று யாராவது குழுவை அணுகினால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கும் காப்பீடு, பிரதமரின் மீன்வள வளர்ச்சித் திட்டத்தின்கீழ் வரும் குழு விபத்துக் காப்பீடு. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் நேர்ந்தாலோ 5 லட்சம் ரூபாய் தருவது அது. அதைக் கைவிடாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பாசிக்கு அதில் ஒரு ரூபாய் வராது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கக்கூடியது மானியம். அதே திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று அலகுச் செலவு கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் தர வகை செய்யப்பட்டது. ஒற்றைக் கயிற்று முறைக்கும் இதே விகிதம் உண்டு. பெண்கள் குழு என்பதால் உங்களுக்கு 60 விழுக்காட்டுப் பிரிவு பொருந்தும். இந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா, முன்பு மானியம் பெற்றவர்களுக்கு மறுபடி தருவார்களா என்பதை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கேட்ட பிறகே நகைப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நகைக் கடனும் முகவரின் விதையும்

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரே நோய்க்கு ஒரே நேரத்தில் ஆளாகும் ஒரே பயிரை இரண்டு மடங்காக்கினால், அடுத்த சித்திரையில் இழப்பும் இரண்டு மடங்காகும். 45 மிதவை என்ற கணக்கே, 45 நாளில் ஒன்று முற்ற, நாளுக்கு ஒரு மிதவை அறுத்து ஒருவர் தன் உடம்பால் சமாளிக்கக்கூடிய அளவைப் பார்த்து வந்தது. 90 மிதவைக்குக் கூலி ஆள் வேண்டும், காய வைக்க இடம் வேண்டும், நட்டுக் கட்ட மிதவைக்கு ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி வேண்டும். பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். இந்தக் கணக்கை நகைக் கடன் வட்டியோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிதவையைக் கூட்ட வேண்டாம் என்பதே என் திட்டவட்டமான ஆலோசனை.

முகவர் சொன்னதில் இரண்டு இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. விதையை மே மாதத்தில் தருவதாகச் சொல்கிறார். அது நடுவதற்கு ஆகவே ஆகாத மாதம். விதை 'வெளிநாட்டிலிருந்து வந்த புது ரகம், சூட்டைத் தாங்கும்' என்கிறார். உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2024 அக்டோபரில் மத்திய மீன்வளத் துறை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அனுமதியும் தனிமைப்படுத்திச் சோதிப்பதும் அதில் கட்டாயம். அப்படி வந்த விதை என்றால் காகிதம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். காகிதம் இல்லாத விதையோடு புது நோயும் பூச்சியும் உங்கள் கடலுக்கு வந்து சேரலாம். கொள்முதல் விலையையும், விதைக் கடனை எப்படிக் கழிப்பார் என்பதையும், பாசி வெளுத்துப்போனால் அந்தக் கடன் யார் தலையில் என்பதையும் எழுதித் தர மறுக்கும் ஒருவரிடம் எதிலும் கையெழுத்திட வேண்டாம்; வெற்றுக் காசோலை அறவே கூடாது.

தொழில் நடத்தக் கைமுதல் கட்டாயம் தேவையென்றால், விவசாயிகளுக்கு இருந்த கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் வட்டிச் சலுகை உண்டு. நகைக் கடன் வட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

சூட்டை ஒட்டி ஒரு நாட்காட்டி

தொழிலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நடத்தும் வழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். வாடைக் காலத்தில் அலை மிதவையைப் பிய்க்கும், கோடையில் சூடு பாசியைப் பிய்க்கும். நடுவில் உங்களுக்கு நம்பிக்கையோடு மிஞ்சுவது வாடை ஓய்ந்த தை, மாசி, பங்குனியும், கோடை தணிந்த பிறகு அடுத்த வாடை வரையுள்ள மாதங்களும்தான். பங்குனி நடுவுக்குப் பிறகு புதிதாக நடவேண்டாம். ஏற்கெனவே மிதவையில் இருப்பதை, 45 நாள் ஆகட்டும் என்று காத்திராமல், சூடு ஏறும் அறிகுறி தெரிந்தவுடன் அறுத்துக் காய வைத்துவிடுங்கள். எடை சற்றுக் குறையும், குறைந்தாலும் கையில் இருக்கும்.

அந்த அறிகுறியை அறிய இரண்டு வழிகள். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல் வெப்ப அலை எச்சரிக்கையும் பவள வெளுப்பு எச்சரிக்கையும் வெளியிடுகிறது. பாம்பனின் 'கடல் ஓசை' வானொலியை ஊரில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த எச்சரிக்கைகளைக் கோடை மாதங்களில் ஒலிபரப்பச் சொல்லிக் குழுவின் பெயரில் கேளுங்கள். இரண்டாவது, நீங்களே அளப்பது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியை வாங்கி, மிதவையின் கயிறு இருக்கும் ஆழத்தில் காலையிலும் பிற்பகலிலும் பிடித்துப் பார்த்து, தேதி, வெப்பம், காற்று, பாசியின் நிலை என்று நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பகலில் 32 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் அறுவடைக்கு இறங்கிவிடலாம். இது நான் கைக்கணக்காகச் சொல்வது. உங்கள் நோட்டு ஓர் ஆண்டு நிரம்பினால் உங்கள் இடத்துக்கான சரியான எண்ணை அதுவே சொல்லும்.

விதையைக் காப்பதுதான் கடினமான வேலை. எல்லா மிதவையையும் காப்பாற்ற முயன்று எல்லாவற்றையும் இழப்பதைவிட, ஐந்து பேருமாகச் சேர்ந்து சில மிதவைகளை மட்டும் விதைக்கென்று ஒதுக்கி, ஆழம் கூடிய இடத்தில், கல் கட்டிச் சற்றுத் தாழ்த்தி, கொத்துகளை நெருக்கமில்லாமல் கட்டி வையுங்கள். வெளுத்த கிளையைக் கண்டால் அன்றே கத்தரித்து எடுங்கள், எடுத்ததைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்து விடுங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்திலும் பாசி வளர்ப்போருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும். இந்தப் பாசி எண்பதுகளில் இந்தியாவுக்குள் வந்ததே பின்னதன் வழியாகத்தான். தொலைபேசியில் கேட்பதைவிட, வெளுத்த கிளையைக் கடல்நீரோடு ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு நேரில் போவது நல்லது.

கோடை மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் கடலின் சொந்தப் பாசியான கஞ்சிப்பாசியையும் சில கயிறுகளில் கட்டிப் பாருங்கள். விலை குறைவு, வாங்குபவரை முன்பே பேசி வைக்க வேண்டும். கடல் விரால் கூண்டும் பாசி மிதவையும் சேர்த்து வளர்க்கும் முறையை மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தார் முனைக்காட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு கூண்டைச் சுற்றி 16 மிதவைகள் கட்டுவார்கள், மீனின் கழிவு பாசிக்கு உரமாகும். ஆனால் கூண்டுக்கு முதல் அதிகம். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்பதால் கோடையில் மீனுக்கும் ஆபத்து உண்டு. உங்கள் இப்போதைய நிலைமைக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுக்குப் போகலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன தேசியப் பூங்காச் சட்டம் அதற்கும் பொருந்தும். தலைமுறை தலைமுறையாகப் போய் வந்த பெண்களுக்கு இது எவ்வளவு கசப்பானது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கணவரின் நண்டு வலையைப் பற்றி

நண்டு குறைவதற்குச் சூடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சினை நண்டையும் குஞ்சு நண்டையும் விடாமல் எடுப்பதும், இழுவை மடி கடல்புல்லை அரைப்பதும் சேர்ந்தே அந்த நிலைமை. மீன்களில் சில சூட்டுக்கேற்ப இடம் மாறுகின்றன. ஒரு காலத்தில் பெரும்பாலும் தென்மேற்குக் கரைக்கே உரியதாக இருந்த பேச்சாளை, எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தமிழகத்தின் கிழக்குக் கரையில் கூடுதலாகப் பிடிபடுவதைக் கடல் சூடாவதோடு இணைத்து ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். கணவர் ஓர் ஆண்டுக்கு எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு நண்டு என்று உங்கள் வெப்ப நோட்டிலேயே ஒரு பக்கம் எழுதட்டும். கடல் பச்சை நிறமாகி நுரைத்து, 'பூங்கோரை' என்னும் நுண்ணுயிர்ப் பெருக்கம் கண்ட நாட்களில் வலை விட வேண்டாம். 2019-இல் மண்டபம், பாம்பன் பக்கத்தில் அப்படிப் பச்சையானபோது உயிர்வளி குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கியதை அவரும் பார்த்திருப்பார்.

மகன் விஷயத்தில் கடல் அறிவியலைக் கொண்டு பதில் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அவனுக்கு விருப்பம் இருந்தால் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ மீன்வளப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதி மதிப்பெண் பட்டியல் வந்த சில வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அவனிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.

இப்போது அவசரமானது குழுக் கடன். அடுத்த தவணை தவறுவதற்கு முன்பே, ஐந்து பேரும் கையெழுத்திட்டு வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: பாசி அழிந்த தேதிகள், அழிந்த மிதவைகளின் எண்ணிக்கை, கைபேசியில் எடுத்த படங்கள், பக்கத்து ஊர்களிலும் அதே வாரத்தில் இழப்பு நேர்ந்த செய்தி, இவற்றைச் சொல்லி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. தவணை தவறிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்கும் குழுவுக்கு வழி பிறப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன் நகலை மீன்வளத் துறை ஆய்வாளரிடமும் கொடுத்து, இழப்பை நேரில் பார்த்துக் குறிப்பெழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் உங்கள் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.